அபாய மணிக்கு எத்தனை வோல்ட்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைப் பலி கொண்டது. ஓலைக் கூரைக்கும் குறுகிய படிக்கட்டுக்கும் எந்த மணியும் ஈடாகாது. அவற்றை முதலில் ஒழிக்கவேண்டும். ஆனால் 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது இரவு வேளையில் அன்றோ? ஆளில்லாத நேரத்தில் தீயை முதலில் காண்பவர் யார்? ஆகவே பள்ளிக்கும் மண்டபத்துக்கும் தானே ஒலிக்கும் அபாய மணி தேவை. அம்மணி எத்தனை வோல்ட்டில் இயங்கவேண்டும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

சுவரில்தான் 230 வோல்ட் இருக்கிறதே, அதிலேயே இணைத்துவிடலாம் என்பர் சிலர். தீப்பிடித்ததும் நாம் செய்வது என்ன? மெயின் சுவிட்சை அணைக்கிறோம். அத்துடன் மணியும் ஊமையாகிவிடும். தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் 230 வோல்ட் கம்பியே ஓர் ஆபத்து. எனவே பேட்டரியில் இயங்கும் குறைந்த மின்னழுத்தமே தக்கது. மின்சாரம் உள்ளபோது பேட்டரி மின்னேற்றம் பெற்றுக்கொள்ளும்.

அப்படியானால் 12 வோல்ட் போதாதா? செலவு குறைவுதான். இங்கேதான் வகுப்பில் நாம் படிக்கும் ஓம் விதி கைகொடுக்கிறது. கடைசி வகுப்பறையில் 12 வாட் மணி ஒன்று. அதுவரை செல்லும் கம்பியின் தடை 2 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட் மணிக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் வேண்டும். வழியிலேயே 2 வோல்ட் தொலைந்து, 10 வோல்ட்டே போய்ச்சேரும், மணி முனகும். 24 வோல்ட் மணிக்கு அரை ஆம்பியர் போதும். 23 வோல்ட் சென்றடையும். கம்பியில் வெப்பமாக வீணாவதும் 2 வாட்டிலிருந்து அரை வாட்டாகக் குறையும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் தயார். உலகெங்கும் பெரிய கட்டடங்களின் அபாய மணிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குவது சும்மா அல்ல.

நம் காஞ்சியின் நெசவாளர் வீடுகளுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழுள்ள சிறு வீட்டுக்கு, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் புகையறி கருவி போதும். அதை அடுப்புக்கு நேர் மேலே மாட்டிவிடாதீர்கள், தாளிக்கும் போதெல்லாம் அலறும்! தறி இருக்கும் கூடமே சரியான இடம்.

பெரிய மணியோ சிறியதோ, வாரம் ஒருமுறை ஒலிக்கச்செய்து பார்க்கவேண்டும். பள்ளியில் அதைச் செய்யும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே செய்யவேண்டும். மின்சாரம் இருக்கையில் சோதித்தால், பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்பது தெரியாது.