வெந்நீர் தரும் குளிர்ச்சி!

வெந்நீரை வைத்துக் குளிர்ச்சி உண்டாக்க முடியுமா?

முடியும். ஜெர்மனியில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மியூனிக் நகருக்குப் பக்கத்தில் கார்ச்சிங் என்று ஓர் ஊர். அங்கே லைப்னிட்ஸ் கம்ப்யூட்டர் மையம் இருக்கிறது. "சூப்பர்மக்-என்.ஜி." என்ற ராட்சத கம்ப்யூட்டர் 2018-ல் அங்கே திறக்கப்பட்டது. 6,480 கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பிணைத்தது போன்றது அது.

இத்தனையும் இரவு பகலாக ஓடினால் சூடு கொஞ்சமாகவா இருக்கும்? அந்தச் சூட்டைக் குழாய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு, வெந்நீராக வெளியே வருகிறது. பெரும்பாலான ஊர்களில் இப்படிப்பட்ட சூட்டைக் காற்றில் விட்டுவிடுவார்கள். கார்ச்சிங்கில் அதைக் கொண்டே மற்ற கருவிகளுக்குக் குளிர்நீர் தயாரித்தார்கள்.

எப்படி?

மாத்திரை டப்பாவில் சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்கும். அதற்குள் இருப்பது சிலிகா ஜெல். ஈரத்தை இழுத்துத் தன்மேல் ஒட்டவைத்துக் கொள்வது அதன் குணம். இதற்குப் "பரப்புக்கவர்தல்" என்று பெயர்.

காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் தண்ணீரையும் சிலிகா ஜெல்லையும் வைத்தால், 10 டிகிரியிலேயே தண்ணீர் ஆவியாகிறது. ஆவியை ஜெல் இழுத்துக்கொள்கிறது. போகிற ஆவி, மிச்சத் தண்ணீரின் சூட்டையும் பறித்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே!

ஜெல் நனைந்து நிறைந்துவிட்டால்? அங்கேதான் வெந்நீருக்கு வேலை. 60, 70 டிகிரி சூடு பட்டாலே ஜெல் ஈரத்தைக் கக்கிவிடும். ஒரு பெட்டி கக்கும்போது இன்னொரு பெட்டி இழுக்கும். கம்ப்ரசர் கிடையாது. பம்ப் ஓடுவதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும்.

குறையும் உண்டு. பெட்டி பெரியது, விலையும் அதிகம். 100 பங்கு சூடு கொடுத்தால் 50, 60 பங்கு குளிர்ச்சிதான் கிடைக்கும். "இது என்ன வியாபாரம்?" என்று கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய சூடானால் நஷ்டம்தான். தூக்கி எறிகிற சூட்டுக்கு ஏது விலை?

அதற்காக, வீட்டுக்கு வீடு இதை மாட்டச் சொல்வது தவறு. வீட்டில் நாள் முழுவதும் வெந்நீருக்கு எங்கே போவது? வெளிக்காற்று குளிர்ந்திருந்தால்தான் இந்தப் பெட்டி சுறுசுறுப்பாக வேலை செய்யும். மியூனிக்கில் அது சுலபம். சென்னையின் சித்திரை வெயிலில் சிரமம்.

ஆனால், சென்னையிலும் கம்ப்யூட்டர் மையங்கள் பெருகி வருகின்றன. காற்றை ஊதிக் குளிரவைக்கும் மையத்தில் மிஞ்சுவது வெதுவெதுப்பான காற்று. ஜெல்லின் ஈரத்தை விரட்ட அது போதாது. புதிதாகக் கட்டுகிறவர்கள், தண்ணீர்க் குழாய்க்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்கிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பது லேசான காரியம் அல்ல.