ஏற்றிவிட்ட ஏணியை மறவோம்!

போட்டி அரங்கில் மாணவர் ஆக்கிய ரோபோ ஓடும்போது கரவொலி அந்த இயந்திரத்துக்குக் கிடைக்கிறது; வெற்றிக் கேடயம் மாணவர் கைக்குச் செல்கிறது. பாடசாலை மணி அடித்த பின்னும் வீடு திரும்பாது அம்மாணவரோடு அமர்ந்திருந்த ஆசிரியரை நினைப்பார் யார்?

அமெரிக்காவில் நினைக்கிறார்கள். டீன் கேமன் 1989இல் நிறுவிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு, 1992 முதல் மாணவருக்கான ரோபோப் போட்டிகளை நடத்தி வருகிறது. அதனை வளர்த்தவர்களுள் ஒருவர் எம்.ஐ.டி. பேராசிரியர் உடி ஃப்ளவர்ஸ். வெல்டிங் தொழிலாளி ஒருவரின் மைந்தர். வெற்றிக்காகப் போராடும் வேளையிலும் எதிரணியை மதித்து உதவ வேண்டும் என்று போதித்த அப்பெருமகன் 2019இல் மறைந்தார். சிறந்த வழிகாட்டிகளுக்கு 1996 முதல் அவர் பெயரால் விருது அளிக்கப்படுகிறது. அதற்குத் தம் வழிகாட்டியைப் பரிந்துரைத்து எழுதுவோர் மாணவர்களே! இதனினும் உயர்ந்த நன்றிக்கடன் உண்டோ?

நமது ஊவாவை நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோர் ஆக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். இவ்வாறு பின்தள்ளப்பட்ட சமுதாயத்தில், பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றபின் லயத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தின் வாயிலைத் திறந்துவிட ஆசிரியரை விட்டால் வேறு யார் உளர்? பசறையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க நிலைத்திருக்கும் ஆசிரியருக்கே பஞ்சம்!

ஆகவே, ஊக்கமூட்டும் ஆசிரியரைப் போற்றுவது பொன்னாடையோடு முடிந்துவிடக் கூடாது. அவருக்குத் துணைக்கரம் நீட்டுவதே மெய்யான பாராட்டு. பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. தேயிலைத் தொழில்நுட்பம் பயிற்றும் அக்கழகத்தார் தேயிலை மலைப் பாடசாலைகளின் படியேறி வரட்டும். பொறியியலாளரே, மருத்துவரே, கணக்காளரே! உங்களை உயர்த்திய பாடசாலைக்கு மாதம் ஒரு சனிக்கிழமையை ஈயுங்கள். உழவர் பெருமக்களே! பழுதான உங்கள் நீர்ப்பம்பியை மாணவர் கழற்றிப் பார்க்கக் கொடுங்கள். இயந்திர அறிவுக்கு அதுவே முதற்பாடம். அரசு, விஞ்ஞான ஆசிரியரைத் தோட்டப் பாடசாலைகளில் நிலைபெறச் செய்யும் வசதிகளை வழங்க வேண்டும் என வற்புறுத்துகிறோம்.

ஏணி தனித்து நின்றால் சாயும். நாம் அனைவரும் தாங்கிப் பிடித்தால் மலையகத்தின் பிள்ளைகள் உயர ஏறுவர். ஏறிய பின், தம்மை ஏற்றிவிட்டவரின் பெயரைத் தாமே எழுதுவர்!