வளரும் நெல்லையும் வாடும் பொருநையும்

ஓர் ஊர் வளர்கிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது? மாடி வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டா? மனை விலையைக் கொண்டா? அல்லது அங்கே வாழும் மக்கள் குடிக்கும் நீரைக் கொண்டா? நெல்லையின் புறநகர்களைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழும் வினா இது.

வளர்ச்சியே வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியில் முதன்முதலாகக் கால் வைத்தவன் நான். பட்டம் பெற்றபின் சென்னைக்கும் திருப்பூருக்கும் ஓடாமல் உள்ளூரிலேயே பிழைக்க வழி வேண்டும் என்று எண்ணாத நாளில்லை. அன்று பாபநாச நீர்வீழ்ச்சியின் விசையால் ஓடிய விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. இன்று கங்கைகொண்டானில், 2025இல் முறைப்படி திறக்கப்பட்ட சூரிய மின்தகடு ஆலையில் வேலை செய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். இது வரவேற்க வேண்டிய வளர்ச்சியே.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. 1994இல் நெல்லை மாநகராட்சி ஆனது. அதன் எல்லையையும் தாண்டி வயல்கள் இன்று மனைகளாகின்றன. முதலில் எல்லைக்கல் வருகிறது. பின்பு சாலை வருகிறது. கழிவுநீர்க் குழாயோ கடைசியில்தான் வருகிறது. அதுவரை கழிவுநீர் எங்கே போகும்? பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாயும் வயல்களுக்காக வெட்டப்பட்டவை. நகருக்குள் நீராக நுழையும் அவை, சாக்கடையைச் சுமந்துகொண்டு வெளியேறுகின்றன. ஆற்றில் கழிவு கலப்பதை 2024இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்க்க நேர்ந்தது. தூத்துக்குடி வரை குடிநீர் தரும் ஆற்றுக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுதானா?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் கொட்டிய பெருமழையில் சந்திப்புப் பகுதி மூழ்கியது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலும் வெள்ளம் புகுந்தது. மழையை நாம் தடுக்க முடியாது. ஆயின், குளத்தையும் ஓடையையும் அடைத்துவிட்டு வெள்ளத்தைக் குறை கூறுவது அறிவுடைமை ஆகுமா?

நாட்டின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர் நீரையே முதலில் வைத்தார். 1990இல் ஐ.நா. வெளியிட்ட மனித வளர்ச்சிக் குறியீடு, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளந்தது. நெல்லைக்கு நான்காவதாக ஓர் அளவுகோல் வேண்டும்: நம் கால்வாயில் குழந்தைகள் இறங்கிக் குளிக்கலாமா? 'ஆம்' என்று சொல்ல முடிந்தால்தான் அது வளர்ச்சி. இல்லையேல் வெறும் வீக்கம்.

கழிவுநீருக்கு வழி செய்த பின்னரே மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தருவது அரசின் கடமை. நமக்கும் ஒரு கடமை உண்டு. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. நம் வேதியியல் ஆய்வகத்தின் பியூரெட்டும் பிப்பெட்டும் போதும். மாதம் ஒருமுறை கால்வாய் நீரைச் சோதித்து, முடிவைக் கல்லூரி வாயிலில் எழுதி வைப்போம். ஊரார் படிக்கட்டும், உரியவர்களைக் கேட்கட்டும். பேராசிரியர்கள் வழிகாட்டினால் வரும் மாதமே தொடங்கலாம். தோழர்களே, யார் யார் வருகிறீர்கள்?