பியானோ வாங்குமுன்

குழந்தைக்குப் பியானோ கற்பிக்க விழையும் அன்பர்கள், நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள் அடங்கிய 61 கட்டைக் கீபோர்டைக் கண்டு மயங்குவது இயல்பு. யானும் மயங்கியவனே. ஆறு மாதம் அதில் பழகிய என் மகள் ஆசிரியை இல்லத்து மரப் பியானோவில் வாசித்தபோது, பாதிச் சுரங்கள் ஒலிக்கவே இல்லை, கண் கலங்கிவிட்டாள்.

பியானோவின் கட்டையை அழுத்தினால், உள்ளே சுத்தியல் எழுந்து தந்தியை அடிக்கிறது. அந்தக் கனத்தை விரல் உணர்ந்து பழக வேண்டும். ஆதலின் 88 கட்டைகளும், அவற்றில் சுத்தியற் கனமும் உடைய டிஜிட்டல் பியானோவையே கேட்டு வாங்குக. யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110 ஆகியவை அத்தகையன; ஒலிகள் பத்தே எனினும் குறையன்று. எடை சுமார் 11 கிலோ. மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நமக்கு அதுவும் வசதியே. ஹெட்போன் அணிந்தால் அண்டை வீட்டார்க்கும் தொல்லையில்லை.

பழைய கீபோர்டை விற்றதில் எனக்குப் பாதி விலையும் தேறவில்லை.