டெல்லி டீசல் வண்டி ஐரோலிக்கு வந்தால் லாபமா?

2016 மாடல், டீசல், 4x4, 1.5 லட்சம் கி.மீ. ஓடியது, டெல்லிப் பதிவு. விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஐரோலியில் வேலை பார்க்கும் நீங்கள் வாங்கலாமா?

ஏன் மலிவு?
டெல்லி வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால் 2025-ல் பிஎஸ்-4, அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஆகவே, "அங்கே ஓட்ட முடியாது சார், அதான் விக்கிறேன்" என்பதை மட்டும் நம்பாதீங்க.

இங்கே என்ன செலவு?
டெல்லி ஆர்டிஓ-வின் என்ஓசி வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் எம்எச்-43 பதிவுக்கு மாற்ற வேண்டும்; அதற்குச் சாலை வரி தனி. பதிவு 15 ஆண்டுக்குத்தான், அதாவது 2031 வரை. பிறகு தகுதிச் சோதனை, பசுமை வரி.

எதைப் பார்ப்பது?
மீட்டரைத் திருப்பிவைக்க முடியும். சர்வீஸ் பதிவில் உள்ள கி.மீ.யோடு ஒப்பிடுங்க. 4x4 கியரை மண் தரையில் போட்டுப் பாருங்க.

விலையோடு வரியையும் கூட்டி, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்க. மலிவா இல்லையா என்பது அப்போது தெரியும்.