மதிப்பெண்ணும் இரண்டாம் கோப்பையும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஐந்து வகை பியர்களுக்கு மதிப்பெண் இட்டோம். புட்டிகள் எங்கள் கண்ணில் படாதபடி ஆறாவது நண்பர் ஒருவர் சமையலறையிலிருந்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். வந்தவை இவை: 3.8 சதவீத ஆல்கஹால் கொண்ட ஆங்கிலேய பிட்டர் ஒன்று, பொஹீமிய வகை பில்ஸ்னர் ஒன்று, பெல்ஜிய டுபெல் ஒன்று, ஹாப்ஸ் மணம் தூக்கலான அமெரிக்க ஐ.பி.ஏ. ஒன்று, கடைசியாக 11 சதவீத இம்பீரியல் ஸ்டவுட் ஒன்று. ஒவ்வொரு கோப்பையிலும் மூன்று மடக்குக்கு மேல் இல்லை. இடையிடையே வெறும் ரொட்டித் துண்டும் தண்ணீரும். பேசக்கூடாது என்பது விதி; தாளில் எழுத மட்டுமே அனுமதி.

கூட்டிப் பார்த்தபோது முடிவில் குழப்பமே இல்லை. ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு பெற்று ஸ்டவுட் முதலிடத்தில் நின்றது. முப்பத்தொன்று பெற்ற பிட்டர் கடைசி. பிட்டரைப் பற்றி எங்களில் மூவர் ஏறத்தாழ ஒரே சொல்லை எழுதியிருந்தோம்: ‘சாதாரணம்’.

பிறகு தாள்களை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எஞ்சிய புட்டிகளெல்லாம் மேசைக்கு வந்தன. பேச்சு எங்கெங்கோ போயிற்று. பதினொரு மணிக்குமேல் எழுந்து மேசையைத் துடைக்கும்போதுதான் கவனித்தோம். பிட்டர் புட்டிகள் அத்தனையும் காலி. முதல் பரிசு பெற்ற ஸ்டவுட் ஆளுக்கு அரைக் கோப்பை வீதம் அப்படியே இருந்தது. எங்கள் கை எழுதிய தீர்ப்பு ஒன்று. அதே கை பின்னர் நீண்டு எடுத்துக்கொண்டது வேறொன்று. இரண்டில் எது எங்கள் உண்மையான கருத்து என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களை விடவில்லை. இக்கட்டுரை அதன் விளைவு.

முதலில் மதிப்பெண்ணுக்குரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். நாங்கள் பயன்படுத்திய தாள், 1985-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்பு அமைப்பின் முறையைப் பின்பற்றியது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த உணர்வுக்கு 10. ஆக ஐம்பது. கண்ணைப் பறிக்கும் பொன்னிறத்துக்கும் வெண்ணுரைக்கும் சேர்த்து மூன்றே மதிப்பெண்தான் என்பதிலேயே இதை வகுத்தவர்களின் நிதானம் தெரிகிறது. இந்தத் தாள் இல்லையென்றால் நாங்கள் ‘நன்றாயிருக்கிறது’, ‘சுமார்’ என்ற இரண்டு சொற்களைத் தாண்டியிருக்க மாட்டோம். மணத்தைத் தனியே நிறுத்து, நாவில் முதலில் படுவதையும் விழுங்கிய பின் தங்குவதையும் பிரித்துச் சொல் என்று அது வற்புறுத்துகிறது. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வது புதிதாகச் சுவைப்பவர்களுக்கு நேரும் பொதுவான தவறு. ஹாப்ஸ் பூ முதன்மையாகத் தருவது கசப்பு. வாற்கோதுமையின் உமியிலிருந்து அளவு மீறி இறங்குவது துவர்ப்பு. முன்னது குணம், பின்னது பெரும்பாலும் பிழை. அறுசுவையில் இரண்டையும் தனித்தனியே எண்ணிவைத்த மொழி நம்முடையது. ஆயினும் அன்று முதற் சுற்றில் எங்களில் இருவர் தடுமாறத்தான் செய்தோம்.

அம்முறையின் இன்னொரு நேர்மை, ஒவ்வொரு பியரையும் அதனதன் வகைக்குள் வைத்தே அது எடைபோடச் சொல்கிறது என்பது. பவேரியக் கோதுமை பியரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வரும். அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது இயல்பாகப் பிறப்பவை அவை; அங்கே அவை இல்லாவிட்டால்தான் குறை. அதே வாழைப்பழ மணம் பில்ஸ்னரில் வந்தால் நொதித்தலில் ஏதோ பிசகிவிட்டது என்று பொருள். பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்தில் காற்றிலும் மரப்பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டே நொதிக்கவைக்கப்படும் லாம்பிக்கின் புளிப்பு அதன் உயிர். வேறு பியர்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் புளிப்பு கெட்டுப்போனதன் அடையாளம். குறிஞ்சிப் பாட்டில் கடல் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. அதுபோல, ‘இது எதுவாக இருக்க விரும்புகிறதோ அதுவாக எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது’ என்பதே நடுவரின் கேள்வி. பியரை இவ்வாறு வகை பிரித்து, நிலத்தோடும் மக்களோடும் சேர்த்துப் பேசும் பழக்கத்தை ஆங்கில வாசகரிடையே பரப்பியதில் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய இதழாளருக்குப் பெரும் பங்குண்டு. பாடகர் அல்லர், பெயர் மட்டுமே ஒன்று. 1977-இல் வந்த அவரது உலக பியர் வழிகாட்டி, பின்னாளில் சிற்றாலைகள் தொடங்கிய பலருக்குப் பாலபாடமாயிற்று. 2007-இல் மறைந்தார்.

ஆகவே சுவைத்து அளப்பது எங்களுக்கு உடன்பாடே. வகைக்குள் இட்ட எண் வகையை விட்டு வெளியேறி ஒரே நெடும்பட்டியலில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாங்களும் அன்று அதைத்தான் செய்தோம். நடுவர் முறையின் தாளை எடுத்துக்கொண்டு, அம்முறையின் அறத்தை விட்டுவிட்டோம். ஐந்து வகைகளை ஒரே வரிசையில் நிறுத்தி எது முதல் என்று கேட்டோம்.

இதையே உலக அளவில் செய்தவை இணையப் பட்டியல்கள். 2000-இல் தொடங்கிய ரேட்பியர் அவற்றுள் புகழ்பெற்றது. 2005-இல் அதன் பயனர்களின் மதிப்பெண்கள், பெல்ஜியத்தின் சிந்த்-சிக்ஸ்டஸ் மடத்து டிராப்பிஸ்ட் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்விளெட்டரன் 12 என்ற பியரை உலகின் முதலிடத்தில் வைத்தன. செய்தி பரவியதும் மடத்து வாயிலில் கார்கள் வரிசை கட்டின; இருப்புத் தீர்ந்தது. துறவிகள் உற்பத்தியைப் பெருக்க மறுத்துவிட்டார்கள். மடத்தின் வாழ்வு நடக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே காய்ச்சுவது அவர்கள் நெறி. பிரார்த்தனையின் நேரத்தைக் கொதிகலத்துக்குக் கொடுக்க அவர்கள் ஆயத்தமாயில்லை. மடத்தைப் புதுப்பிக்கும் செலவுக்காக 2012-இல் ஒருமுறை அயல்நாடுகளுக்கு அனுப்பினார்கள். பிறகு பழைய அளவுக்கே திரும்பினார்கள். நெடுங்காலம் அவர்களது புட்டியில் ஒட்டுத்தாள்கூட இருந்ததில்லை. வேண்டிய விவரமெல்லாம் மூடியிலேயே அடங்கிவிட்டது. தரவரிசையின் உச்சியில் வைக்கப்பட்டவர்கள் தரவரிசையைப் பொருட்படுத்தாதவர்களாக இருந்தது எங்களுக்கு மகிழ்ச்சி தரும் முரண்.

அதே மடத்தில் 1999 முதல் பிளாண்ட் என்றொரு பியரும் காய்ச்சப்படுகிறது. ஆல்கஹால் 5.8 சதவீதம், வெளிர்நிறம், ஹாப்ஸின் கசப்பு சற்றே நிமிர்ந்து நிற்கும். அதே துறவிகள், அதே கொதிகலம். ஆனால் உலகின் முதற் பியர் எது என்ற பேச்சில் அதன் பெயர் அடிபட்டதில்லை. 10.2 சதவீதமுள்ள 12-க்குத்தான் அத்தனை வரிசையும். இது தற்செயலன்று. இத்தகைய பட்டியல்களின் மேல்வரிசையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே குவிந்து கிடப்பவை இம்பீரியல் ஸ்டவுட்டுகளும், ஹாப்ஸ் மிகுந்த கனத்த ஐ.பி.ஏ.க்களும், மரப்பீப்பாயில் முதிர்ந்தவையும்தான். பிட்டரோ மைல்டோ அங்கே ஏறுவது அரிது.

காரணம் எளியது. ஒரு புட்டியைப் பலர் பங்கிட்டு, ஆளுக்கு இரண்டு மடக்கு எடுத்து, அடுத்ததற்குப் போகும் கூடுகைகளில் இட்ட மதிப்பெண்கள் அவற்றில் மிகுதி. இரண்டு மடக்கில் வெல்வது உரத்த குரல். ஆறேழு வகைகளைக் கடந்து களைத்த நாவுக்கு மெல்லிய குரல் கேட்பதே இல்லை. இதனுடன் அருமையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு புட்டிக்காக நூறு மைல் கார் ஓட்டிப்போய், குளிரில் வரிசையில் நின்று வாங்கியவர், அதற்கு முப்பது மதிப்பெண் போட்டுத் தம் பயணத்தைத் தாமே அவமதிப்பாரா? அரிதானதைத் தேடிப்போகிறவர்கள் அதை விரும்பப்போகிறவர்களே. பக்கத்துக் கடையில் கிடைப்பதற்கோ, விரும்பாதவர்களும் சேர்ந்தே மதிப்பெண் இடுகிறார்கள்.

நல்ல பிட்டர் இரண்டு மடக்குக்காகச் செய்யப்படுவதன்று. இங்கிலாந்தின் பப்பில் ஒரு மாலை முழுதும் அமர்ந்து, பேச்சினூடே இரண்டு மூன்று பைண்ட் அருந்துவதற்காக வகுக்கப்பட்டது அது. முதல் மடக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மூன்றாம் பைண்ட்டில் சொல்ல ஒன்றும் இராது. ஆகவே அது அடக்கமாகப் பேசுகிறது. மால்ட்டின் பிஸ்கட் மணம், மண்வாசம் கலந்த ஹாப்ஸ், வறண்ட முடிவு. அடுத்த மடக்குக்கு நாவைத் தூண்டுவது அந்த வறட்சிதான். குறைந்த ஆல்கஹாலில் இந்தச் சமநிலையைக் கொண்டுவருவது கடினம் என்று காய்ச்சுபவர்கள் சொல்வதுண்டு. 11 சதவீத ஸ்டவுட்டில் ஒரு சிறு பிழையை மறைக்க வறுத்த மணமும் இனிப்பும் ஆல்கஹாலின் வெம்மையும் உண்டு. 3.8 சதவீதத்தில் ஒளிய இடமில்லை. நாங்கள் ‘சாதாரணம்’ என்று எழுதிய சொல்லின்மேல் இப்போது எங்களுக்கு வெட்கமாயிருக்கிறது.

‘இரண்டாம் கோப்பை கேட்காமலிருப்பது ஒரு குறையா? ஒரு கோப்பையிலேயே நிறைவு தருவது பெருமையல்லவா?’ என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதிட்டார். நியாயமான வாதம். அன்றைய ஸ்டவுட் உண்மையிலேயே சிறந்தது. குளிர்காலத்தில் சிறு கோப்பையில், உணவுக்குப் பின், ஒரு மணி நேரம் வைத்துப் பருகினால் அதற்கு ஈடில்லை. எல்லாம் ஒன்றே என்றும் நாங்கள் சொல்லவில்லை. வெயில்பட்டு நாற்றமேறியது, பழையதாகி ஈர அட்டையின் வாடை வந்தது, இவையெல்லாம் எந்த வகையிலும் பிழைதான். நாங்கள் மறுப்பது ஒன்றையே: ஒரு மணி நேரத்துக்கான பியரையும் ஒரு மாலைக்கான பியரையும் மூன்று மடக்கில் அளந்து, ஒன்றை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் வரிசைப்படுத்துவதை.

இது வெறும் ரசனைத் தகராறு என்றால் விட்டுவிடலாம். எண் திரும்பிவந்து பொருளை மாற்றுகிறது என்பதே எங்கள் கவலை. பட்டியலைப் பார்த்து வாங்குபவர்கள் பெருகினால், பட்டியலுக்காகக் காய்ச்சுபவர்களும் பெருகுவார்கள். சென்ற பத்தாண்டில் சிற்றாலைகளிலிருந்து வந்த, கேக்கும் சாக்லேட்டும் கரைத்தது போன்ற ஸ்டவுட்டுகளை நினைத்துக்கொள்ளலாம். ஒரே சுவையில் உலகை நனைத்த பேராலைகளை எதிர்த்துத்தான் கிராஃப்ட் பியர் என்ற இயக்கமே எழுந்தது. மரபான ஏல் வகைகளைக் காப்பதற்காக 1971-இல் பிரிட்டனில் கேம்ரா என்ற இயக்கம் தோன்றியதும் அந்த எதிர்ப்பிலிருந்தே. ஒருவகைச் சலிப்பிலிருந்து விடுபட்டு மறுவகைச் சலிப்பில் விழுவதற்கா இத்தனை பாடும்?

தராசை வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. உலகின் மிகப்பெரிய பியர் நிறுவனமான ஏ.பி. இன்பெவ், தன் துணை அமைப்பு வழியாக ரேட்பியரில் பங்கு வாங்கியிருந்தது 2017-இல் வெளியே தெரியவந்தது. தம் பியர்களைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு சில சிற்றாலைகள் கேட்டன. 2019-இல் நிறுவனம் முழுதாகவே கைமாறியது. 2025 பிப்ரவரியில் ரேட்பியர் மூடப்பட்டது. அந்த எண்களுக்காக நாங்கள் வருந்தவில்லை. எண்களுக்குக் கீழே எத்தனையோ பேர் எழுதிவைத்திருந்த குறிப்புகள்தான் இழப்பு. ஈரமண் வாசம், பாட்டி வீட்டு அலமாரி, கருகிய ரொட்டியின் ஓரம் என்றெல்லாம் தத்தம் நினைவிலிருந்து சொல்லெடுத்து, தாம் உணர்ந்ததை இன்னொருவருக்குச் சொல்ல முயன்ற வரிகள் அவை. சராசரி எடுக்கும்போது உதிர்ந்துபோவது அவைதாம்.

இலக்கிய வாசகர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சிறந்த நாவல்கள் பத்து, தவறவிடக்கூடாத சிறுகதைகள் நூறு என்று பட்டியலிட்டும் சண்டையிட்டும் பழகியவர்கள் நாம். பட்டியலின் உச்சியிலிருக்கும் பெருநாவலை ஒருமுறை வியந்து படித்துவிட்டு அலமாரியில் ஏற்றிவைத்துவிட்டு, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத மெல்லிய சிறுகதைத் தொகுப்பொன்றை ஆண்டுக்கொருமுறை எடுத்துப் புரட்டுகிறவர்கள் நம்மில் பலர். அந்தத் தொகுப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் திகைப்போம்.

அடுத்த மாதக் கூடுகைக்கு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மணம், தோற்றம், சுவை, வாயுணர்வு ஆகியவற்றை எழுதும் கட்டங்கள் அப்படியே இருக்கும். அந்த ஒழுங்கை இழக்க எங்களுக்கு விருப்பமில்லை. கூட்டுத்தொகைக் கட்டத்தை அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, மூன்று மடக்கு அல்ல, முழுக் கோப்பை ஒன்றைக் குடித்து முடித்தபின் எழுத வேண்டிய ஒரு வரி: ‘இன்னொன்று ஊற்றிக்கொண்டேனா?’ ஐந்து வகை வேண்டாம், இரண்டு போதும் என்றும் தீர்மானித்திருக்கிறோம். அவற்றில் ஒன்று அந்த பிட்டர்.