வெளிநாட்டு இடுப்பு கலை, நம்மூர் இடுப்பு அசிங்கமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடிக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் 14 அன்று என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று பேச்சு ஓடியது. ஒரு தம்பி தன் போனில் வீடியோ ஒன்றைக் காட்டினான். ஏதோ ஐரோப்பிய மேடை. ஹெவி மெட்டல் குழு வாசிக்கிறது, கிட்டார் இடி மாதிரி முழங்குகிறது, நடுவில் ஒரு பெண் பெல்லி டான்ஸ் ஆடுகிறார். டிரம்மின் ஒவ்வோர் அடிக்கும் அவர் இடுப்பு ஒரு வெட்டு வெட்டுகிறது. "வேற லெவல்க்கா" என்றான். எனக்கும் பிடித்திருந்தது.

"நாமளும் இதே மாதிரி கரகாட்டத்தையும் மெட்டலையும் சேத்து ஒன்னு பண்ணுவோமா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார்கள். "கரகமா? போங்கக்கா, அசிங்கமா இருக்கும்." சொன்னதோடு நிற்கவில்லை. அதே போனில், அதே விரலால் தேடி இன்னொரு வீடியோவைக் காட்டினான். நம் பக்கத்துத் திருவிழா ஒன்றில் எடுத்தது. அதற்கு வைத்திருந்த தலைப்பை இங்கே எழுத முடியாது. அதில் ஆடியவருக்கும் இடுப்புதான் ஆடியது. கூடுதலாக அவர் தலையில் ஒரு செம்பு இருந்தது, அது அசையவே இல்லை.

மூலையில் இருந்த ஒரு தங்கச்சி எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். "அது எங்கம்மா இல்லக்கா. ஆனா எங்கம்மாவும் கரகந்தான் ஆடுது. அதோட வீடியோவும் நெட்டுல கெடக்கு. எங்க கிளாஸ் குரூப்புலயே ஒருத்தன் போட்டான். அது எங்கம்மான்னு அவனுக்குத் தெரியாது" என்றாள்.

தோழர்களே, ஒரே போனுக்குள் இரண்டு இடுப்பு. ஒன்று கலை, மற்றது அசிங்கம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் பேச நினைக்கிறேன்.

முதலில் அந்த வெளிநாட்டு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பெல்லி டான்ஸ் என்ற பெயரை அதை ஆடிய மக்கள் வைக்கவில்லை. வயிற்று நடனம் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது ஆங்கிலத்துக்குப் போனது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் காசு வாங்கிக் காட்டும் வேடிக்கையானபோது அந்தப் பெயர் பரவியது. எகிப்தில் தெருவிலும் கல்யாண வீட்டிலும் ஆடிய பெண்களுக்கு கவாசி என்று பெயர். ஆட்டம் எல்லோருக்கும் வேண்டும், ஆடியவளை மட்டும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். 1834இல் ஆட்சியாளர் முகமது அலி அவர்களைக் கெய்ரோவை விட்டே துரத்தி, தெற்கே எஸ்னா, கெனா போன்ற ஊர்களுக்கு அனுப்பினார். ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து, 1926இல், பாதியா மசாப்னி கெய்ரோவில் ஓர் இரவு விடுதி திறந்தார். அந்த மேடையில் பாலே கலந்தது, லத்தீன் அமெரிக்க அசைவுகள் கலந்தன, ஹாலிவுட் பாணி உடை வந்தது. இன்று நாம் பாரம்பரிய பெல்லி டான்ஸ் என்று பார்ப்பதில் பெரும்பங்கு அந்த மேடையில் உருவானது. அந்தப் பாரம்பரியமே ஒரு கலப்புதான்.

ஹெவி மெட்டலும் மேட்டுக்குடி வீட்டில் பிறந்தது இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரம். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைப் பழக்கக்காரர், தந்தியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். வலிக்காமல் வாசிக்கத் தந்தியைத் தளர்த்தினார். மெட்டலின் அந்தக் கனத்த ஓசைக்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய முதல் ஆல்பம் 1970இல் வந்தது. காயம்பட்ட ஒரு தொழிலாளி எழுப்பிய ஓசை அது. நம் ஆட்கள் பறையை நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுகிறார்கள். இரண்டும் சேரும்போது சத்தம் ஒத்துப்போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சேர்க்கலாமா கூடாதா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. 2011இல் பிரான்சின் ஹெல்ஃபெஸ்ட் விழாவில் இஸ்ரேலிய மெட்டல் குழுவான ஆர்ஃபன்ட் லேண்டுடன் லெபனானில் பிறந்த ஜொஹான்னா ஃபக்ரி பெல்லி டான்ஸ் ஆடினார். மேடையில் இரு நாட்டுக் கொடிகளும் சேர்ந்து பறந்தன. படம் உலகம் முழுக்கப் போனது, அவருக்கு மிரட்டலும் வந்தது. கொடிகள் மேடையில் சேர்ந்ததால் எல்லையில் ஒன்றும் மாறிவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தில்லியின் ப்ளடிவுட் குழு மெட்டலோடு டோல் அடித்துக்கொண்டு 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழா வரை போனது. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழு சமஸ்கிருத மந்திரங்களை மெட்டலில் பாடி, அதற்கு வேத மெட்டல் என்று பெயர் வாங்கியது. அவர்களுடைய 2001 ஆல்பத்தின் பெயர் 'தி ஆரியன் குருசேட்'. மந்திரத்தோடு மெட்டல் சேரும் என்றால் நையாண்டி மேளத்தோடு சேராதா?

சேரும். நான் கேட்பது வேறு. சேர்ந்த பிறகு மேடையில் யார் நிற்கிறார்கள்?

இதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் இருக்கிறது. சதிர் ஆடிய பெண்களைச் சமூகம் இழிவு என்றது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடினார்கள், 1947இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே காலத்தில் ஆட்டம் மட்டும் வேறு வீட்டுக்குக் குடிபோனது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறு தியசாபிகல் சொசைட்டி மேடையில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா வந்தது, சதிர் பரதநாட்டியம் ஆனது. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் தவிர, பரம்பரையாக ஆடிய பெண்கள் அந்தப் பெருமைக்குள் நுழைய முடியவில்லை. அவர்கள் தலித்துகள் அல்லர், அவர்கள் கதை வேறு. ஆனால் நடந்த முறையைப் பாருங்கள்: ஆட்டத்தைக் கழுவி எடுத்துக்கொண்டார்கள், ஆடியவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அது பழைய கதை என்பவர்களுக்குப் புதிய கதையும் உண்டு. 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் நினைவிலிருந்து அவர் பேரன் அறிவு எழுதிப் பாடியது. அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பற்றிய பெருமை இருந்தது, அறிவின் முகம் இல்லை. பா. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. அவர் வெளிப்படையாக எழுதினார், பாட்டில் பங்கெடுத்த மற்றவர்கள் வேறு விளக்கம் தந்தார்கள். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேளுங்கள்: கலப்பு இசையில் விட்டுப்போகிற முகம் எப்போதும் ஏன் நம்முடையதாகவே இருக்கிறது?

மாற்றுவழி இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவைப் பாருங்கள். ராக், ராப், கானா எல்லாம் அதில் கலந்தன. ஆனால் கானா அங்கே ஊறுகாய் இல்லை. கானா பாடுகிறவர்களே நடுவில் நின்றார்கள், இட ஒதுக்கீட்டையும் சாதியையும் நம் சொல்லிலேயே பாடினார்கள். அதில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். கிட்டார் கானாவுக்குத் துணை வந்தது, கானாவின் இடத்தைப் பிடிக்கவில்லை. கலப்புக்கு நான் வைக்கும் அளவுகோல் அதுதான்.

இப்போது கரகத்துக்கு வருவோம். கரகாட்டம் ஒரே சாதியின் தொழில் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த செட்டுகளில் ஆட வரும் பெண்கள் பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். மாசியிலிருந்து வைகாசி வரைதான் சீசன். ராத்திரி தொடங்கினால் விடிய விடிய ஆட வேண்டும். ஏஜெண்டு முன்பணம் கொடுத்திருப்பார், அதற்குக் கட்டுப்பட வேண்டும். கூட்டத்தில் எவனாவது ரூபாய் நோட்டை ரவிக்கையில் குத்த வருவான். முகம் சுளித்தால் அடுத்த வருஷம் அந்த ஊரில் ஆட்டம் இல்லை. இப்போது கூடுதலாகப் போன். குடித்துவிட்டுக் கீழேயிருந்து எடுத்த வீடியோவை ஏற்றி எவனோ காசு பார்க்கிறான். ஆபாசம் என்ற பட்டம் மட்டும் ஆடியவளுக்கு.

நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள்: "இவ்வளவு இழிவு இருக்கிற ஆட்டத்தை விட்டொழிப்பதுதானே சரி? அதற்கு எதற்கு மெட்டல் ஜோடனை?" லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. பறையைப் பற்றியும் இதே விவாதம் நம்மிடம் நடந்தது. சாவு வீட்டுக்கு அடிமைத் தொழிலாகப் பறை அடிக்க மறுத்தார்கள், அது போராட்டம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதே பறையைத் தோளில் மாட்டி மேடையேறினார்கள், அதுவும் போராட்டம். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கட்டாயத்தை மறுத்த பிறகு கலையைக் கையில் எடுத்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

மராத்தியத் தமாஷா ஆடும் தலித் பெண்களைப் பற்றி வரலாற்றாய்வாளர் ஷைலஜா பைக் 2022இல் ஒரு நூல் எழுதினார், 'தி வல்காரிட்டி ஆஃப் காஸ்ட்'. நூலின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆபாசம் என்பது உடம்பில் இருப்பதில்லை, அந்த உடம்பு எந்தச் சாதியில் பிறந்தது என்று பார்த்து ஒட்டப்படுகிற பட்டம். அதற்காக எந்த ஆட்டத்தையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குறவன்–குறத்தி ஆட்டத்துக்கு 2023இல் தமிழ்நாட்டில் தடை வந்தது. ஒரு சமூகத்தின் பெயரையே கொச்சையாக்கி ஆடுகிறார்கள் என்று அந்தச் சமூகத்தாரே கேட்டு வந்த தடை, அது நியாயம். ஆனால் தடைக்கு மறுநாள் அந்தப் பெண்கள் வயிற்றுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தடை போடுகிறவர்கள் மாற்று வேலைக்கும் சேர்த்து வழி சொல்ல வேண்டும்.

சரி, அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போன கதையைச் சொல்கிறேன். அவர் அம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம் என்றார்.

மெட்டல் வீடியோவை அவரிடம் காட்டினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். "நல்லாத்தான் ஆடுது இந்தப் புள்ள. தாளத்தை வயித்துல வாங்குது" என்றார். இத்தனை பேர் பார்த்தோம், அதைத் தொழில் தெரிந்த கண்ணோடு பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஏப்ரல் 14க்கு ஆட முடியுமா என்று கேட்டதும் மகள் முகத்தைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார்: "அந்தக் கிட்டாரு சத்தத்துல எனக்குத் தவுலு கேக்குமா?"

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். தவில்காரரும் பம்பைக்காரரும் தன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், மைக் அவர்களுக்கும் வேண்டும். மெட்டல் வாசிக்கிற பிள்ளைகள் மூன்று நாளாவது வந்து ஒத்திகை பார்க்க வேண்டும். என்ன உடுத்துவது என்று தானே முடிவு செய்வார். செட்டில் இருக்கிற ஆறு பேருக்கும் சம்பளம், அதுவும் ஆடுவதற்கு முன்னாடியே. நோட்டுக் குத்துகிற பழக்கம் நம் மேடையில் கிடையாது. கீழேயிருந்து எவனும் போனைத் தூக்கக்கூடாது, வீடியோ எடுப்பதென்றால் நம் பிள்ளைகள் எடுத்து அவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். "நோட்டீசுல என் பேரு போடுவீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார். போடுவோம் என்றேன். "அப்ப அதை மட்டும் என் மக சொல்லட்டும்" என்றார்.

அவள் இன்னும் சொல்லவில்லை. அவளை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. வகுப்பு குரூப்பில் அந்த வீடியோவைத் தினமும் கடந்துபோகிறவள் அவள்தான்.

ஆனால் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. கல்லூரிக் கலை விழாவில் பறையோ கரகமோ கானாவோ மெட்டலோடு சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அந்த அம்மா கேட்டதையே உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடுகிறவருக்குத் தாளம் கேட்கிறதா? சம்பளம் முன்கூட்டியே போனதா? நோட்டீசில் "குழுவினர்" என்று போடாமல் பெயர் போட்டீர்களா? அவர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் வாங்க ஒரு நாள் கூடப்போய் அலைவீர்களா? ஊர்ப்பெண் ஆடினால் வாய் கூசி, அதே ஆட்டத்தை ஆங்கிலம் பேசும் மாணவி ஆடினால் கை தட்டுவீர்கள் என்றால், நீங்கள் செய்வது கலப்பு அல்ல, இன்னொரு சதிர்க் கதை.

இன்றைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் குரூப்பில் கரகாட்ட வீடியோ வந்தால் அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடாதீர்கள். அழிக்கச் சொல்லுங்கள். அந்தக் குரூப்பிலேயே அவர் மகள் இருக்கலாம்.

ஜெய்பீம்.